முப்பதாம் தேதிக்குள் ஒரு கார்

அத்தியாயம் பதினொன்று

ரூபேந்திரனை நாம் விட்டுவந்தது கைதட்டல் சத்தத்துக்கு நடுவில். முப்பதாம் தேதி மாலை, மாசாய் நகரத்துக் கார் ஷோரூம் மூட அரை மணி நேரம் இருக்கும்போது, அந்த மாதத்தின் ஆறாவது கார் அவன் கணக்கில் பதிவானது. ஆறு கார் விற்றவர் சுவரில் மாட்டியிருக்கும் மணியை அடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அடித்தான். கூட வேலை செய்பவர்கள் கை தட்டினார்கள். மேலாளர் தோளில் தட்டிக்கொடுத்தார். இரண்டாயிரம் வெள்ளி ஊக்கத்தொகை கைக்கு வந்த மாதிரிதான்.

அந்த ஆறாவது காரை வாங்கியவள் அவனுடைய சொந்த அக்கா பிரேமலா.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் காரை அவனே அக்கா குடியிருக்கும் லாபிஸுக்கு ஓட்டிக்கொண்டு போனான். நீங்கள் பஸ் ஏறி வந்து அலைய வேண்டாம், நானே கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். என் தம்பி மாதிரி யார் செய்வார்கள் என்று தான் வேலை பார்க்கும் கிளினிக்கில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம்.

வெள்ளை நிறச் சின்னக் கார். இருக்கைகளின் மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. நெடுஞ்சாலையில் தொண்ணூறுக்கு மேல் அவன் அழுத்தவில்லை. புது எஞ்சின், பழக வேண்டும் என்பது ஒரு காரணம். லாபிஸ் கொஞ்சம் தாமதமாகவே வரட்டும் என்பது இன்னொன்று.

அக்காவின் கணவர் ஜெயபாலன் மாமாவுக்கு நேர்ந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். லாபிஸ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பதினேழு வருடம் வேலை பார்த்தவர். பின்னால் வந்த லாரியின் சக்கரம் ஏறி இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆலையிலிருந்து வந்தவர்கள் நீட்டிய இழப்பீட்டு ஒப்பந்தத் தாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் பொறுத்து, நாலு பேரைக் கேட்டுவிட்டுப் போட்டிருந்தால் கிடைத்த தொகையைப்போல் இரண்டு மடங்கு வாங்கியிருக்கலாம் என்று பிறகுதான் தெரியவந்தது. காலை இழந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் பேசுவார்.

செயற்கைக் கால் பொருத்தி, ஒரு வருடம் சுவரைப் பிடித்து நடந்து பழகி, கியர் இல்லாத கார் ஓட்டிக் காட்டி மறுபடியும் உரிமம் வாங்கினார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை செகாமட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாடகைக் கார் பிடித்தால் போக வர எண்பது வெள்ளி. பிடிக்காத நாளில் அக்கா மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவாள். ஒரு கையால் அக்காவின் தோளையும் மறு கையால் செயற்கைக் காலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் மாமா. ஒரு நாள் மழையில் இரண்டு பேரும் சாலையோரப் புல்லில் விழுந்து எழுந்தார்கள். அன்றைக்குத்தான் கார் வாங்குவது என்று முடிவானது.

மிச்சமிருந்த இழப்பீட்டுப் பணத்தில் முன்பணத்துக்கென்று ஆறாயிரம் வெள்ளியை ஒதுக்கினார்கள். மாமா அவசரப்படவில்லை. மூன்று கடை ஏறி இறங்கினார். ஒரு கடையில் கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் இலவசம் என்றார்கள். இன்னொன்றில் முதல் வருட இன்சூரன்ஸ் எங்கள் செலவு என்றார்கள். செகாமட்டில் ஆறு வருடம் ஓடிய பெரிய கார் ஒன்று மலிவாக வந்தது. ஆனால் பழைய காருக்கு பேங்க் வட்டி கூட, உதிரிபாகம் வாங்கினாலே பணம் கரையும் என்று விட்டுவிட்டார். நம் வீட்டுப் பையனே கார் விற்கும்போது வெளியாளிடம் எதற்குப் போக வேண்டும் என்று கடைசியில் மாசாய்க்கு வந்தார்கள்.

அன்று ஷோரூமில் மாமா ஊன்றுகோலைப் பின்பெட்டியில் வைத்துப் பார்த்தார். டயரை அமுக்கிப் பார்த்தார். ஐந்து வருடம் கழித்து விற்றால் என்ன விலை போகும் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ரூபேந்திரன் நேர்மையாகத்தான் பதில் சொன்னான். கடைசியாக ஒன்று கேட்டார்.

"என்கிட்ட ஓகேயு அட்டை இருக்கே மச்சான், அதுக்கு ஏதாச்சும் குறைப்பாங்களா?"

மாற்றுத்திறனாளி என்று அரசாங்கம் கொடுத்த அட்டை அது. அந்த அட்டைக்கு என்ன உண்டு என்று ரூபேந்திரனுக்கு நன்றாகவே தெரியும். மாமா பெயரில் விண்ணப்பம் போட்டு, அனுமதிக் கடிதம் வந்தபிறகு கார் எடுத்தால் வரி இல்லை. நாற்பத்தெட்டாயிரம் வெள்ளிக் காரில் ஏழாயிரத்து ஐந்நூறு குறையும். ஆனால் கடிதம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். கார் மாமா பெயரில் இருக்க வேண்டும். அப்படியானால் கடனையும் மாமா பெயரில் போட்டு, சம்பளச் சீட்டு வைத்திருக்கும் அக்காவை ஜாமீனாக நிறுத்த வேண்டும். பேங்க் இன்னும் பத்துக் கேள்வி கேட்கும். அன்று தேதி இருபத்தொன்று. ஷோரூமில் விற்பனைக் கணக்கு எழுதும் பலகையில் அவன் பெயருக்கு நேராக ஐந்து என்று இருந்தது.

"அதெல்லாம் ரொம்ப இழுக்கும் மாமா," என்றான். "மாசக்கணக்கா அலையணும். இப்ப எடுத்தா ரெண்டாயிரம் தள்ளுபடி இருக்கு. மாசம் முடிஞ்சா அதுவும் போயிடும்."

அவன் சொன்னதில் பொய் என்று ஒரு வார்த்தையும் இல்லை. தொகையை மட்டும் சொல்லவில்லை. மாமா அக்காவைப் பார்த்தார். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள் அக்கா. கடன் அவள் பெயரில், ஒன்பது வருடம், மாதம் நானூற்று எழுபத்தேழு வெள்ளி.

ஏன் அப்படிச் செய்தான் என்றால், அவனுக்கும் ஒரு கார் இருந்தது. கார் விற்கிறவன் பார்க்க எடுப்பான காரில் வர வேண்டும் என்று ஏழு பேர் உட்காரும் கார் ஒன்றைத் தகுதிக்கு மீறி வாங்கியிருந்தான். இரண்டு மாதத் தவணை பாக்கி. மூன்றாவதும் தவறினால் பேங்க் ஆள் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவான். மனைவி ஷர்மினிக்குக்கூட அது தெரியாது. இரண்டாயிரம் வெள்ளி சரியாக அந்த ஓட்டையை அடைத்தது.

பத்து மணிக்கு லாபிஸ் வந்து சேர்ந்தான்.

மாமா வாசல் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றிருந்தார். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துப் பார்த்தார்.

மாரியம்மன் கோயிலில் பூசை போட்டார்கள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஐயர் கற்பூரம் காட்டி முடித்ததும் மாமா மெல்ல அழுத்தி அவற்றின் மேல் ஓட்டினார். அக்கா சிரித்த சிரிப்பை ரூபேந்திரன் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாமா அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்துவந்தார். சக்கர நாற்காலிப் படம் போட்ட ஸ்டிக்கர். செகாமட் போய் மனு கொடுத்து வாங்கி வைத்திருந்தாராம். ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றார். உனக்குத்தான் கை பழக்கம், நீ ஒட்டு என்று அவன் கையில் கொடுத்தார்.

முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒட்டினான். நடுவில் காற்று அடைத்துக்கொண்டு ஒரு குமிழ் நின்றது. நகத்தால் தேய்த்தான். ஓரத்துக்குத் தள்ளினான். போகவில்லை. பரவாயில்லை விடு, வெயில் பட்டால் தானாகப் போய்விடும் என்றார் மாமா.

பக்கத்து வீட்டுச் சதாசிவம் கார் பார்க்க வந்தார். மாமா அவரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எந்தக் கடையில் என்ன கொடுத்தார்கள், எதை ஏன் வேண்டாம் என்றேன், பழைய காரில் என்ன சூது இருக்கிறது, எல்லாம். கடைசியில் ரூபேந்திரனின் முதுகில் கை வைத்தார்.

"ஒரு தடவ கண்ண மூடிக் கையெழுத்துப் போட்டு ஏமாந்தேன். இந்தத் தடவ விசாரிச்சு, நம்ம ஆள்கிட்டயே வந்து போட்டேன். இனி யாரும் என்னை ஏமாத்த முடியாது."

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அக்கா அவனுக்குப் பிடித்த இறால் சம்பல் வைத்திருந்தாள். ரூபேந்திரன் இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடவில்லை. காலையில் வழியில் நிறையத் தின்றுவிட்டேன் என்று சமாளித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா, டவுன் வரைக்கும் என்னைக் கூட்டிப்போ, புதுக் காரில் முன்னால் உட்கார்ந்து வருகிறேன் என்றாள். சர்புதீன் கடைக்குப் போக வேண்டுமாம். பஸ் நிலையத்துக்கு எதிரே, சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. ராத்திரிக்கு ஏதாவது கறி வாங்கத்தான் போகிறாள் என்று அவன் நினைத்தான்.

வழியில்தான் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் கடைச் சமையல்கட்டில் வேலைக்குப் போகப் போகிறாள். காலை ஆறிலிருந்து மதியம் மூன்று வரைக்கும். நாளுக்கு அறுபது வெள்ளி. சர்புதீனின் மனைவி காதர் பீவிக்கு முட்டி வலி, அதனால் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வாரம் ஆறு நாள் கிளினிக்கில் நிற்கிறாயே, ஞாயிறும் நின்றால் எப்படி என்று கேட்டான்.

தவணையில் பாதி அதில் வந்துவிடும் என்றாள். ஒன்பது வருடம் ஒன்றும் பெரிதில்லை. மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போய், ஐந்து முடித்து, மேலே படிக்கும்போது கடனும் முடிந்துவிடும். விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள். குறையாகச் சொல்லவில்லை. ஒரு திட்டம் சரியாக அமைந்துவிட்ட திருப்தியோடு சொன்னாள்.

ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு காலி நிலம் இருந்தது. ரூபேந்திரன் காரை அங்கே ஓரமாக நிறுத்தினான்.

என்ன, கோளாறா என்று அக்கா கேட்டாள்.

இல்லை என்றான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். முன்னால் இருந்த வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மாமா அட்டையைப் பற்றிக் கேட்டது, தான் சொன்ன பதில், சொல்லாமல் விட்டது, முப்பதாம் தேதிக்குள் ஒரு கார் தேவைப்பட்டது. இப்போது மாற்ற முடியாதா என்று அவள் கேட்பதற்கு முன்னால் அதையும் சொன்னான். முடியாது. கடிதம் வாங்கிய பிறகுதான் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவாகிவிட்டால் அவ்வளவுதான்.

அக்கா மடியில் வைத்திருந்த கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சரக்கு ரயில் வந்தது. அது முழுவதும் கடந்து போனதும் அக்கா கேட்டாள்.

"எவ்வளவு குறைஞ்சிருக்கும்?"

"ஏழாயிரத்து ஐந்நூறு. வட்டியோட சேர்த்துப் பார்த்தா ஒம்பதாயிரத்துக்கு மேல. இதே தவணையோட மாசம் இருபது முப்பது வெள்ளி கூடக் கட்டியிருந்தா ஏழு வருஷத்துல முடிஞ்சிருக்கும்."

"ரெண்டு வருஷம்," என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"உனக்கு எவ்வளவு கிடைச்சுச்சு?"

அதை அவள் கேட்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டாயிரம்," என்றான்.

அக்கா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா," என்றாள்.

திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் குரலில் கோபமே இல்லை. ஆறாயிரத்தில் இரண்டாயிரத்தை எடுத்து நீட்டியிருப்பாள் என்பது அவனுக்குத் தெரியும். மாமாவும் சரி என்றிருப்பார். வெறும் வாயால் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணத்துக்காக அவர்களிடமிருந்து ஒன்பதாயிரத்தைப் பிடுங்கி எறிந்திருந்தான்.

மாதா மாதம் நான் பணம் அனுப்புகிறேன் என்றான். அந்த இரண்டு வருடத்துக்கு உள்ளதை நான் கட்டிவிடுகிறேன், நீ ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாதே என்றான். அக்கா மாட்டேன் என்று தலையசைத்தாள்.

"வேணாம். காசு வாங்கிக்கிட்டேன்னா முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்குவ."

பிறகு அவன் மாமாவிடமும் சொல்லிவிடுவதாகச் சொன்னான். இன்றே, ரயில் ஏறுவதற்கு முன்னால். அப்போதுதான் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"சொல்லக்கூடாது."

"அக்கா, அவருக்குத் தெரியணும்."

"காலையில அந்த மனுஷன் எப்படி நின்னாருன்னு பார்த்தல்ல? அந்தக் கையெழுத்துக்கு அப்புறம் ராத்திரி எத்தனை நாள் தூங்காம உக்காந்திருந்தாருன்னு எனக்குத்தான் தெரியும். நான் முட்டாள், நான் முட்டாள்னு தனக்குத்தானே சொல்லிக்குவாரு. இப்பதான் அத நிறுத்தியிருக்காரு. நீ சொன்னா உனக்குப் பாரம் எறங்கிடும் தம்பி. அது அப்படியே அவர் மேல ஏறிக்கும்."



"எனக்கு வாக்குக் குடு," என்றாள். கொடுத்தான். வண்டியை எடு, சர்புதீன் அண்ணன் காத்திருப்பார் என்றாள்.

கடையில் காதர் பீவி தேநீர் கொண்டுவந்து வைத்து, ஆறு மணிக்கு வந்தால் போதும், நெய்ச்சோற்று அடுப்பை நானே பற்ற வைத்துவிடுகிறேன் என்று அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். ரூபேந்திரன் வாசலில் நின்றான். கடைக்காரர் சர்புதீன் வெளியே வந்து கார் நன்றாக இருக்கிறது, எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். அவன் சொன்னான். நல்ல விலைதான் என்றார் அவர்.

திரும்பும்போது அக்கா ஷர்மினியைப் பற்றி விசாரித்தாள். இருமல் குறைந்ததா, மருந்து சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் கடையில் தேநீருக்கு அவன் காசு எடுத்தால் அவன் கையைத் தட்டிவிட்டு எப்போதும் அவள்தான் கொடுப்பாள். இன்று அவன் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

மாலை நான்கு மணிக்கு மாமாவே அவனை ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

நன்றாகத்தான் ஓட்டினார். வளைவுகளில் நிதானம், கண்ணாடியில் பார்வை, எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த வாரம் செகாமட் ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னார். நர்ஸ் பெண்களிடம் சாவியைக் காட்ட வேண்டும் என்று சிரித்தார். பிறகு, உனக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன் என்றார்.

செகாமட்டில் மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடுவார்கள். அங்கே மூன்று குடும்பம் கார் வாங்க யோசித்துக்கொண்டிருக்கிறதாம். எல்லோரிடமும் அவன் எண்ணைக் கொடுத்துவிட்டார். என் மச்சானிடம் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருக்கிறார்.

"உனக்கும் பலகையில ஏறும்ல?" என்றார். பலகையைப் பற்றி அவனே எப்போதோ விளையாட்டாகச் சொல்லியிருந்தான்.

ஸ்டேஷன் வாசலில் இறங்கிக்கொண்டான். மாமா கையசைத்துவிட்டு, பின்னால் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அது கண்ணுக்கு மறையும்வரை ரூபேந்திரன் நின்றான். வாக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்த வழியிலேயே சொல்லியிருப்பேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றியது.

ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது. தெரியாத எண்.

பாலோவிலிருந்து ராசம்மா என்றாள் பேசியவள். தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் ஆசிரியை. சின்ன வயதிலிருந்தே ஒரு கால் சூம்பிப்போயிருக்கிறது. மூன்று சக்கர மோட்டாரில்தான் பள்ளிக்கூடம் போய்வருகிறாள். மழைக்காலத்தில் பட்ட பாடு போதும் என்று கார் ஓட்டப் பழகி உரிமமும் வாங்கிவிட்டாள். ஜெயபாலன் அண்ணன் உங்கள் எண்ணைக் கொடுத்தார் என்றாள். ஐந்தாயிரம் முன்பணம் இருக்கிறது, சம்பளச் சீட்டு இருக்கிறது, ஒன்பது வருடக் கடன் என்றாலும் சரி. அண்ணனுக்குப் பத்தே நாளில் முடித்துக் கொடுத்தீர்களாமே, எனக்கும் அப்படிச் செய்துதர முடியுமா என்று கேட்டாள். இந்த வாரமே கையெழுத்துப் போட வருகிறாளாம்.

புது மாதம் பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பலகையில் அவன் பெயருக்கு நேராக இன்னும் எதுவும் எழுதப்படவில்லை.

வரச் சொன்னால் வந்துவிடுவாள். யாரும் அவனை எதுவும் கேட்கப் போவதில்லை. அவள் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதற்கு வரிவிலக்கு உண்டு என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

"இந்த வாரம் வராதீங்க," என்றான்.

அவன் தொடர்ந்தான். ஓகேயு அட்டை இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று முதலிலிருந்து சொன்னான். டாக்டரிடம் என்ன தாள் வாங்க வேண்டும், எங்கே விண்ணப்பிக்க வேண்டும், கார் யார் பெயரில் இருக்க வேண்டும், எவ்வளவு நாள் ஆகும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள். கடிதம் கைக்கு வரும்வரை எந்தக் கடையிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்றான்.

"என் கடையில கூட."

எவ்வளவு குறையும் என்று கேட்டாள்.

"ஏழாயிரத்துக்குக் கீழ போகாதுங்க."

ராசம்மா தொகையைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டாள். பிறகு நன்றி சொன்னாள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அந்த நன்றியைக் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஃபோனை வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அவள் கேட்டாள்.

"அப்ப ஜெயபாலன் அண்ணனுக்கும் இவ்வளவு குறைஞ்சுச்சா? அவரு அதப் பத்தி ஒண்ணும் சொல்லலயே."

தண்டவாளத்தின் தூரத்து முனையில் ரயிலின் விளக்கு தெரிந்தது.

"அது எங்க அக்கா பேர்ல எடுத்த காருங்க," என்றான். "அதுக்குக் கிடைக்காது."

"அட்டை அவருக்குத்தானே இருக்கு? ஏன் அக்கா பேர்ல எடுத்தாங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் ரயில் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

"சரிங்க, நீங்க வண்டி ஏறுங்க. சனிக்கிழமை செகாமட்டுல சங்கக் கூட்டம் இருக்கு. நான் அண்ணன்கிட்டயே கேட்டுக்கிறேன். அவரு வெவரமான ஆளு."

ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள். ராசம்மா கெட்ட எண்ணத்தில் கேட்க மாட்டாள். நல்ல செய்தி சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொல்லுவாள். இருபது பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், ஏழாயிரம் வெள்ளியாம் அண்ணே, உங்க மச்சான்தான் சொன்னார் என்பாள். தன் அனுபவத்தை நாலு பேருக்கு எடுத்துச் சொல்லலாம் என்று இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும் மாமா அப்போது என்ன செய்வார் என்று யோசித்தான். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

அவளைத் திரும்பக் கூப்பிட்டு, மாமாவிடம் கேட்காதீர்கள் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏற்கெனவே ஒன்றை மறைத்துத்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறான். அதை மறைக்க இன்னொன்றா?

அக்காவுக்குத் தெரியாமல் எதுவும் செய்யக்கூடாது என்று முடிவு செய்தான். கொடுத்த வாக்கைத் திருப்பிக் கேட்பது என்றாலும் அவளிடம்தான் கேட்க வேண்டும். பெக்கோக் ஸ்டேஷன் தாண்டியதும் அவள் எண்ணை அழுத்தினான். மூன்றாவது முறை ஒலித்ததும் எடுக்கப்பட்டது.

"மச்சான், வண்டி கிடைச்சுச்சா?" என்றார் மாமா. "அக்கா பின்னால துணி எடுத்துக்கிட்டு இருக்கு. என்னா விஷயம், என்கிட்டயே சொல்லு."

ஒன்றுமில்லை, பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டிருக்கலாம். எத்தனையோ முறை அப்படி வைத்திருக்கிறான். ஃபோனைக் காதில் வைத்தபடியே எழுந்து பெட்டியின் கதவுப் பக்கம் போய் நின்றான்.

"மாமா," என்றான். "ஒண்ணு சொல்லணும்."

பின்னால் கதவு திறக்கும் சத்தமும், யார் ஃபோனில் என்று கேட்கும் அக்காவின் குரலும் வந்தன.

"உன் தம்பிதான்," என்றார் மாமா அவளிடம். "ஏதோ சொல்ல வர்றான். இரு, ரெண்டு பேரும் கேக்கிற மாதிரி ஸ்பீக்கர்ல போடுறேன்."